தேங்காய் எண்ணெய் போட்ட ரிவால்வர்

என் மகன் இன்றைக்கு உயிரோடு நடமாடுகிறான் என்றால் அதற்குக் காரணம் டாக்டரும் இல்லை, போலீசும் இல்லை, அவன் அப்பாவுடைய புத்தியும் இல்லை. ஏசியில் உறைந்துபோன கொஞ்சம் தேங்காய் எண்ணெய்தான். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த மொட்டைமாடியில் நின்றிருந்தால் ஒருத்தருக்கும் பல் தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் சவுதியில், தம்மாமில் கிரேன் ஓட்டியவர். எங்களுக்கு முட்டத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். கல்ஃபிலிருந்து வருகிற ஆட்கள் செண்டு கொண்டுவருவார்கள், பாதாம்பருப்பு கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். இவர் ஒரு பைத்தியத்தைக் கொண்டுவந்தார். கேம்பில் வெள்ளிக்கிழமைகளில் பார்த்த கௌபாய் படங்கள் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஊருக்கு வந்து வீடு கட்டினோம். மற்ற வீடுகளில் கண்ணாடி அலமாரியில் பொம்மையும் கோப்பையும் இருக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் ரிவால்வர்.

எல்லாம் பழையவை. குழாயை அடைத்து, விசையை அழுத்தினால் வந்து அடிக்கிற சுத்தியலின் முனையை ராவி, இனிச் சுடவே முடியாது என்று ஆக்கி விற்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் காகிதம் உண்டு. நான் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காகிதம் இல்லாமல் ஒரு கைப்பந்துகூட வாங்கியதில்லை. அந்த விஷயத்தில் அவரை விரட்டிக்கொண்டே இருந்தேன். அவரும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார், அந்தக் கடைசித் துப்பாக்கி வரும்வரை.

துப்பாக்கியைவிட அதற்குப் பின்னால் இருக்கிற கதைகள்தான் அவருக்கு உயிர். ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் இருந்த புழுதி பிடித்த ஊர்கள், மாடு மேய்க்கிறவர்கள், சூதாடிகள், கூலிக்குக் கொல்கிறவர்கள். சோற்றுக்கு நடுவில் ஆரம்பித்துவிடுவார்.

"ஏட்டி, அவனுவ ஆறு அறையிலயும் குண்டு போடமாட்டானுவ, கேட்டியா. அஞ்சுலதான். சுத்தியல் சாஞ்சிருக்க எடம் காலியா கெடக்கும். இல்லன்னா குதிரை துள்ளும்போ அவனுக்க காலுலயே வெடிச்சிரும்."

"மீன் முள்ளு தொண்டையில குத்திரப் போவுது. முதல்ல தின்னுங்க" என்பேன்.

நடுத்தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்கிற காட்சியெல்லாம் பெரும்பாலும் புளுகு என்று அவரே சொல்வார். நிறையப் பேர் செத்தது முதுகில் சுடப்பட்டுத்தானாம். சீட்டாடிக்கொண்டிருந்தபோதும், முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோதும் செத்திருக்கிறார்களாம். அதனால் இவரும் டீக்கடையில் சுவரோரமாக, ரோட்டைப் பார்த்துத்தான் உட்காருவார். மாதா கோயிலில் கடைசி பெஞ்சு. "முதுகுக்குப் பின்னால ஆள் இருக்கப்பிடாது." கைலிக்கு மேல் தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மாடியில் நடக்கிற நடையைப் பார்க்கணுமே! பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து நின்று சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷன் ஒரு ஈக்குத் தீங்கு நினைத்தவர் இல்லை. கோழி அறுக்கவே என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு தங்காது. ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் அப்பளம் மாதிரி உதிரும். அதனால் துப்பாக்கி அலமாரி இருக்கிற அறைக்கு ஏசி. மனுஷன் தூங்குகிற அறைக்கு ஃபேன்தான், துப்பாக்கிக்கு ஏசி! இரவும் பகலும் ஓடும். உள்ளே நுழைந்தால் மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் இறங்கியது போல இருக்கும்.

அப்புறம் எண்ணெய். துப்பாக்கிக்கென்று தனி எண்ணெய் உண்டு, மெல்லியதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வாங்கினாரா? எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் படாத காரியம் ஏதாவது உண்டா? தலைக்கு அது, மீன் பொரிக்க அது, பூட்டு திறக்காவிட்டால் அது, தையல் மெஷினுக்கு அது, பிள்ளைக்கு வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றி அது. அவரும் அதைத்தான் ஊற்றினார். ஏசி குளிரில் அது மெழுகு மாதிரிக் கட்டிக்கொள்ளும். கடைசியாக வந்ததைத் தவிர மற்றவை சும்மா காட்சிக்கு இருப்பவை, அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கடைசித் துப்பாக்கி போன கார்த்திகையில் வந்தது. மலையோரம் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட் பங்களாவை இடித்தபோது பரணிலிருந்து ஒரு பெட்டி கிடைத்ததாம். அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். பழைய சாமான் வியாபாரி ஒருவர் இவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். எவனோ ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையுடையதாக இருக்கலாம்.

"காயிதம் எங்க?" என்று கேட்டேன்.

"இதுக்குக் காயிதம் வேண்டாம்ட்டி. இது தோட்டாவே இல்லாத காலத்துச் சாமான். சுத்துற உருளையில ஒவ்வொரு அறைக்க வாயிலயும் மருந்தக் கொட்டி, ஈயக்குண்ட வச்சு அழுத்தணும். பின்னால செம்புல சின்னத் தொப்பி ஒண்ணு மாட்டணும். அதுல சுத்தியல் அடிச்சாத்தான் தீ பிடிக்கும். இத இனி எவன் சுடப் போறான்?"

குண்டுக்கு மேல் கொழுப்பையோ மெழுகையோ பூசி அடைப்பார்கள், இல்லையென்றால் ஒரு அறையில் பிடித்த தீ பக்கத்து அறைக்கும் தாவிவிடும் என்றும் அவரேதான் சொன்னார். தன் வாயால் சொன்னார், நான் என் காதால் கேட்டேன். அந்த உருளையின் வாய்களில் கறுப்பாக, கல் மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. "நூறு வருசத்து அழுக்காக்கும்" என்று வெளியே மட்டும் துடைத்து, சுத்தியல் பக்கம் வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். பின்பக்கம் பச்சைக் களிம்பு பிடித்த செம்புத் தொப்பிகளைப் பார்த்து "அழகா இருக்கு, அப்படியே கெடக்கட்டும்" என்றார். அத்தனை கதையும் தலைக்குள் இருக்கிறது. கையில் இருக்கிற பொருளைப் பார்க்கக் கண் இல்லை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

தை மாதம் எங்கள் ஊர்த் திருவிழா. எங்கள் கடற்கரையில் நாடகம் இல்லாத திருவிழாவைத் திருவிழா என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொடியேற்றம், சப்பரம் எல்லாம் ஒரு பக்கம். மேடையில் யார் வில்லன் என்பது இன்னொரு பக்கம். இந்த வருஷம் நாடகத்தை எழுதியதும் இவர், நடத்தியதும் இவர், வில்லனும் இவர். ஊரை ஆட்டிவைக்கிற விசைப்படகு முதலாளி. கதாநாயகன் ஏழை மீனவன். கடைசிக் காட்சியில் இரண்டு பேரும் கடற்கரையில் எதிரெதிரே நிற்கவேண்டும், கௌபாய் கணக்கில்! முதலாளி சுட, மீனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, சாகும்போது ஒரு பக்கத்துக்கு வசனம் பேசி முதலாளியைத் திருத்துவான். பங்குச் சாமியார் வாசித்துவிட்டு, "கடல்ல குதிர மட்டுந்தான் இல்ல" என்றாராம்.

கதாநாயகன் எங்கள் மகன். ஒரே பிள்ளை. பெங்களூரில் வேலை. திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அப்பாவும் மகனும் இப்படித்தான், சேர்ந்துவிட்டால் நான் வெளி ஆள்.

வில்லன் கையில் மரத்துப்பாக்கி இருந்தால் முன்வரிசையில் பல்லைக் காட்டுவார்களாம். அசலே வேண்டுமாம். அலமாரியில் இருந்ததிலேயே பெரியது, பளபளப்பானது, அந்த பங்களாத் துப்பாக்கிதான். குழாயை அடைக்காதது அது ஒன்றுதான் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்பு வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். வெளியே வெயில் என்று அந்த ஏசி அறையிலேயே நின்றார்கள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் வசனத்தை வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுத்தேன். இவர் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுப்பார். நாலடி தூரத்தில் மகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். குழாய் அவன் சட்டைப் பைக்கு நேராக இருக்கும். விசையை அழுத்துவார். சுத்தியல் டக்கென்று விழவேண்டும், விழாது. தூக்கக் கலக்கத்தில் தலை சாய்கிற மாதிரி மெதுவாக, மெதுவாக இறங்கிப் படுத்துக்கொள்ளும்.

"என்னப்பா, உங்க துப்பாக்கிக்கு வாதமா?" என்றான் மகன்.

"எண்ணெய் கட்டிக்கிட்டு கெடக்குலே. இன்னொருக்க நில்லு."

இன்னொருக்க நின்றான். அப்புறமும் நின்றான். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புச் சத்தம் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை, சேசுவே.

மறுநாள் மதியத்துக்கு மேல் மேடை ஒத்திகை. மேடையில் சுத்தியல் விழுகிற சத்தம் மைக்கில் கேட்கவேண்டும் என்று இவருக்கு ஆசை. என்ன செய்தார் தெரியுமா? ஏசி அறையில் எண்ணெய்க் குப்பி கட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தார். துப்பாக்கியைக் கொண்டுபோய் மாடியில் வெயிலில் வைத்தார். நெத்திலி காயப்போட்ட சாக்குக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவர்மேல் அது காலையிலிருந்து கிடந்தது. காக்கா வராமல் இருக்க நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், நெத்திலிக்காக.

சாப்பிட்டு முடித்ததும் மேலே போனார். மகன் கீழே கைகழுவிக்கொண்டிருந்தான். "அப்பா, நில்லுங்க, வாறேன்" என்று கத்தினான். நான் காய்ந்த துணிகளை எடுக்க மாடிப்படி ஏறி, கடைசிப் படியில் கால் வைத்தேன். இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். துப்பாக்கியைக் கைலியில் துடைத்தார். சுத்தியலை இழுத்தார். எண்ணெய் இளகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து விசையை அழுத்தினார்.

அது வெடிச் சத்தம் இல்லை. திருவிழாவுக்குத் திருவிழா வெடி கேட்டு வளர்ந்தவள் நான். இது நெஞ்சுக்குள் அடித்தது. மாடி முழுக்க வெள்ளைப் புகை. கந்தக நாற்றம். கீழே தெருவில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. புகை விலகியபோது கறுப்புத் தொட்டியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. இவர் கையை நீட்டியபடியே நின்றார்.

மகன் ஈரக் கையோடு படியேறி ஓடிவந்தான். "என்னப்பா, வெடி போட்டியளா?"

தண்ணீர் பீய்ச்சுகிற இடத்தைப் பார்த்தேன். தரையிலிருந்து நெஞ்சு உயரம். மகனைப் பார்த்தேன். அவன் சட்டைப் பையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு நேற்று ஞாபகம் வந்தது. அப்படியே நெத்திலிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து..." என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே நேரத்தில்தான் தட்டியிருக்கவேண்டும். அந்த முகத்தை நான் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. அவருடைய அம்மா செத்தபோதுகூட அப்படி இல்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கக் குனிந்தார், விரல் பிரியவில்லை. மகன்தான் போய் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான்.

எனக்கு அப்புறம் என்ன வந்ததோ தெரியாது. கொடியில் கிடந்த போர்வையை உருவி, முறுக்கி, அவரை அடித்தேன். முதுகில், தோளில், தலையில். "பாவி மனுசா! எனக்க பிள்ளைய கொல்லப் பாத்தியேவே! அமெரிக்காக்காரன் கத சொல்லிச் சொல்லி எனக்க பிள்ளைய கொல்லப் பாத்தியே!" கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீ' என்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அவர் தடுக்கவே இல்லை. நின்று வாங்கினார்.

மகன் நடுவில் வந்து சிரிக்கப் பார்த்தான். "விடும்மா. நான் உயிரோடதான நிக்கேன்?" என்றான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். "சிரிக்காதல!"

போலீசுக்கு நான்தான் போன் செய்தேன். துப்பாக்கி தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் உருளையைக் கழற்றி, கறுப்பு அடைப்பைச் சுரண்டினார். இன்னும் நாலு அறையில் குண்டு இருந்தது. ஒன்று மட்டும், இவர் கதையில் சொல்கிற மாதிரியே, முதலிலிருந்தே காலி. சுத்தியல் மெதுவாக இறங்கினால் தொப்பியில் தீப்பொறி பிறக்காது, வேகமாக அடித்தால்தான் பிறக்கும் என்று விளக்கினார். எண்ணெய்க் கதையைக் கேட்டதும், "மேடம், இந்த எண்ணெயக் கும்பிடுங்க" என்றார். அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் காகிதத்தோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். காகிதம் இல்லாத அந்த ஒன்றுக்கு என்ன ஆகும் என்பது இன்னும் தெரியவில்லை. கூப்பிடும்போதெல்லாம் இவர் போய்விட்டு வருகிறார்.

அன்றிலிருந்து இவர் பேச்சு நின்றுபோனது. கேட்டால் ஆமா, இல்லை. சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருந்தார். காலியான அலமாரிக்கு முன்னால் ஏசியைப் போடாமல் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார். மகன் எந்த அறைக்குள் போனாலும் இவர் கண் பின்னாலேயே போகும். அவன் திரும்பிப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் இந்த மனுஷன் இனித் தன் பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பாரா என்று பயமும் வந்துவிட்டது.

"நாடகமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்றேன்.

மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "நோட்டீஸ் அடிச்சாச்சு. அப்பா மேடையில ஏறினாத்தாம்மா பழையபடி ஆவாரு. நான் சொல்லுகேன்லா." அவனே பலகையை அறுத்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து ஒரு துப்பாக்கி செய்தான். இவர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

திருவிழா அன்று சாயங்காலப் பூசை முடிந்ததும் நாடகம் தொடங்கியது. நான் முன்வரிசையில் இருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், இவர் நன்றாகத்தான் நடித்தார். வசனம் ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

கடைசிக் காட்சி. மேடைக்குப் பின்னால் என் கொழுந்தன் ஓலைவெடியோடு நின்றான்; அண்ணன் துப்பாக்கியைத் தூக்கியதும் அவன் திரியைக் கொளுத்தவேண்டும். மகனின் சட்டைக்குள் சிவப்புச் சாயப் பொட்டலம். எதிரெதிரே நின்றார்கள். மகன் நெஞ்சை நிமிர்த்தி, "சுடும் முதலாளி, இந்தக் கடல் சாட்சி!" என்றான்.

இவர் கை மேலே வரவில்லை. மரத்துப்பாக்கி தொடையை ஒட்டியே நின்றது. மறைவில் இருந்தவன் வசனத்தை எடுத்துக் கொடுத்தான். இன்னொரு தடவை கொடுத்தான். கூட்டம் சலசலத்தது. மகன் மெதுவாக, "தூக்குங்கப்பா, மரந்தான்" என்றான். இவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை இல்லை என்று. துப்பாக்கி கையிலிருந்து நழுவி விழுந்தது.

பலகை விழுந்த சத்தத்தைக் கேட்டு, பின்னால் இருந்த கொழுந்தன் சமயம் வந்துவிட்டது என்று வெடியைக் கொளுத்தினான்.

மகன் பழக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தான். சட்டை சிவந்தது.

"மக்கா!" என்று இவர் போட்ட சத்தம் மைக் இல்லாமலே கடல்வரைக்கும் போயிருக்கும். ஓடிப்போய் விழுந்து, அவன் சட்டையைக் கிழித்து, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விசில் பறந்தது. பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தட்டி, "எக்கா, உனக்க மாப்பிள என்ன நடிப்பு!" என்றாள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துகிற குரலில் கத்தினேன். "கை தட்டாதீங்க! ஆரும் கை தட்டாதீங்க!"

மேடையில் ஏறும்போது மைக் வழியாக மகன் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "சாயம்பா. பாருங்க, சாயந்தான். எனக்கு ஒண்ணும் இல்ல." கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. இவர் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளே இருந்து ரத்தம் வந்துகொண்டே இருப்பது போல அழுத்திக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டு அந்தக் கைகளை எடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. அப்புறம் என் கைகளையும் அவற்றின் மேல் வைத்து, அவரோடு சேர்ந்து அழுத்தினேன்.